மியாவதி முகாம்களும் ஆசியானின் ஒப்பந்தமும்: ஆட்கடத்தலைப் பிராந்திய முயற்சிகள் ஏன் தடுக்கவில்லை?

ஆட்கடத்தலுக்கு எதிராகத் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகள் 2015-ஆம் ஆண்டிலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கென்று புறப்பட்ட இளைஞர்கள் மியான்மர் எல்லையிலுள்ள இணைய மோசடி முகாம்களில் எப்படிச் சிக்கினார்கள், பிராந்திய ஒத்துழைப்பு எந்த இடத்தில் பழுதாகிறது, ‘மனிதப் பாதுகாப்பு’ என்ற கருத்தால் இதில் ஏதேனும் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்காமல், அந்த முகாம்கள் எப்படி எழுந்தன, எப்போது ஆட்டங்கண்டன என்பதோடு சேர்த்தே பதில் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒப்பந்தங்கள் போதாமல் இந்த நிலை வரவில்லை. ஒப்பந்தங்கள் அரசுகளை நோக்கி எழுதப்பட்டவை. முகாம்களோ அரசின் அதிகாரம் செல்லுபடியாகாத நிலத்திலும், அதிகாரத்தில் இருப்போருக்கே பங்கு போய்ச் சேரும் நிலத்திலும் எழுந்தவை.

சட்டம் எதை ஆட்கடத்தல் என்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை இந்தக் குற்றத்துக்கு மூன்று கூறுகளை வகுத்திருக்கிறது. ஆளைத் திரட்டுவது, கொண்டுசெல்வது, ஒப்படைப்பது, அடைத்துவைப்பது போன்ற ஒரு செயல் நடந்திருக்க வேண்டும். அது மிரட்டல், பலவந்தம், ஏமாற்று, ஒருவரின் வலுவற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற ஒரு வழியில் நடந்திருக்க வேண்டும். அதன் நோக்கம் சுரண்டலாக இருக்க வேண்டும். இந்த வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் எடுபடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் வழிமுறையைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்டவைப்பது வேறு குற்றம். அதில் மீறப்படுவது நாட்டின் எல்லை. ஆட்கடத்தலில் மீறப்படுவது ஆளின் சுதந்திரம். சொந்தக் கடவுச்சீட்டில், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, விமான நிலையத்தில் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு போனவரும் ஆட்கடத்தலுக்கு ஆளானவராக இருக்க முடியும். “நீயாகத்தானே போனாய்?” என்று காவல் நிலையங்களில் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டத்தில் அத்தனை எடை கிடையாது. ஆனாலும் எல்லா நாடுகளிலும் முதலில் வந்து விழும் கேள்வி அதுதான்.

இனி, போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று பார்ப்போம். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் விற்பனை அலுவலர்’ போன்ற வேலைகள் இருப்பதாகச் சொல்லி, சந்தேகத்துக்குரிய நிறுவனங்கள் சமூக ஊடக விளம்பரங்கள் வழியாகவும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் முகவர்கள் வழியாகவும் தகவல் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கின்றன என்றும், அவர்கள் பெரும்பாலும் மியான்மருக்குள் சட்டவிரோதமாகக் கொண்டுசெல்லப்பட்டு அடைத்துவைக்கப்படுகிறார்கள் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. அதற்குச் சற்று முன்பாக, மியான்மரில் சிக்கியிருந்த தமிழ் இளைஞர்கள் தங்களை மீட்கும்படி கேட்டு அனுப்பிய காணொளி தமிழகத்தில் பரவலாகப் பார்க்கப்பட்டது. அக்டோபர் தொடக்கத்தில் அவர்களில் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். இலங்கையிலிருந்தும் பல பத்துப் பேர் இதே வழியில் சிக்கி, 2024-இல் குழுக்களாக மீட்கப்பட்டார்கள்.

மீண்டவர்கள் சொன்ன கதைகளில் ஊரும் பெயரும் மாறினாலும் வழித்தடம் மாறுவதில்லை. நேர்காணல் காணொளி அழைப்பில் நடக்கிறது. தட்டச்சு வேகத்தையும் ஆங்கிலத்தையும் சோதிக்கிறார்கள். பாங்காக் விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு ஒருவர் நிற்கிறார். நிறுவனத்துக்குப் போகும் வழி என்று சொல்லி ஏற்றிய கார் நகரத்துக்குள் திரும்பாமல் வடமேற்கே 500 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது. நடுவில் ஓரிடத்தில் வண்டியையும் ஓட்டுநரையும் மாற்றுகிறார்கள். தாக் மாகாணத்தின் மே சொட் ஊருக்கு அப்பால் மோய் ஆறு. கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லாத இடங்கள் அதில் உண்டு. இருட்டில் படகு ஏறும்போதுதான் பலருக்கும் இது தாய்லாந்தின் கடைசி அடி என்பது உறைக்கிறது. அக்கரை மியான்மரின் மியாவதி. அங்கே கடவுச்சீட்டும் கைப்பேசியும் பிடுங்கப்படுகின்றன, ஓர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கப்படுகிறது, “உன்னை இத்தனை ஆயிரம் டாலருக்கு வாங்கியிருக்கிறோம், கட்டிவிட்டுப் போகலாம்” என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு 15 மணி நேரத்துக்கும் மேலான வேலை நாள். ஒவ்வொருவருக்கும் பல கைப்பேசிகள், அழகான ஒரு பெண்ணின் அல்லது பணக்கார இளைஞனின் படங்களோடு தயாராக வைத்திருக்கும் போலிக் கணக்குகள், எந்த நாளில் என்ன பேச வேண்டும் என்று எழுதிவைத்த வசனம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தனிமையில் இருக்கும் ஒருவரிடம் வாரக்கணக்கில் அன்பாகப் பேசி, கடைசியில் போலிக் கிரிப்டோ முதலீட்டுச் செயலியில் அவருடைய சேமிப்பைப் போடவைக்க வேண்டும். இலக்கை எட்டாதவருக்கு அபராதம், சாப்பாடு நிறுத்தம், அடி, மின் அதிர்ச்சி. அதற்கும் மசியாதவர் வேறொரு கம்பெனிக்கு விற்கப்படுகிறார். விற்ற விலை அவருடைய கடனில் ஏறுகிறது.

இந்தத் தொழில் திடீரென்று முளைத்துவிடவில்லை. கம்போடியாவின் சிகனூக்வில் நகரம் சீன முதலீட்டில் எழுந்த சூதாட்ட விடுதிகளாலும் இணையச் சூதாட்டத்தாலும் நிறைந்திருந்தது. 2019 ஆகஸ்டில் கம்போடிய அரசு இணையச் சூதாட்டத்துக்குத் தடை அறிவித்தது. சில மாதங்களில் கொரோனா வந்து சுற்றுலாப் பயணிகளும் நின்றுபோனார்கள். காலியாக நின்ற கட்டடங்களும், அவற்றின் உயர்ந்த மதில்களும், கணினிக் கட்டமைப்பும், பணத்தை வெளுக்கத் தெரிந்த கூட்டமும் அப்படியே மோசடித் தொழிலுக்குக் கைமாறின. ஆள்தான் வேண்டியிருந்தது. பெருந்தொற்றில் வேலை இழந்த கோடிக்கணக்கான ஆசிய இளைஞர்கள் அந்த நேரத்தில் கைப்பேசியில் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் கம்போடியாவின் காண்டால் மாகாணத்திலிருந்த ஒரு சூதாட்ட விடுதியிலிருந்து 40-க்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் காவலர்களைத் தள்ளிவிட்டு ஓடி, ஆற்றில் குதித்து நீந்தித் தங்கள் நாட்டுக் கரையை அடைந்தார்கள். காவலர்கள் இரும்புக் கம்பிகளோடு துரத்துவது காணொளியில் பதிவானது. 16 வயதுச் சிறுவன் ஒருவன் நீரில் மூழ்கி இறந்தான். அந்தக் காணொளிக்குப் பிறகுதான் கம்போடிய அரசு பெரிய அளவில் சோதனை நடத்தத் தொடங்கியது.

மியான்மர் பக்கத்துக் கதை வேறு. மியாவதியைச் சுற்றிய நிலம் இராணுவ ஆட்சியின் பெயரில் இருந்தாலும், அங்கே கோலோச்சுவது கரேன் இனத்தவரின் ஆயுதக் குழுக்கள். அவற்றில் முதன்மையானது, இராணுவத்தின் கீழ் எல்லைக் காவல் படையாக இயங்கி, 2024-இல் கரேன் தேசியப் படை என்று பெயர் மாற்றிக்கொண்ட சா சிட் து தலைமையிலான படை. ஷ்வே கொக்கோ என்னும் ‘புதிய நகரம்’ இந்தப் படையும் ஒரு சீனத் தொழிலதிபரின் நிறுவனமும் கூட்டாக எழுப்பியது. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு இராணுவத்துக்கு இத்தகைய குழுக்களின் ஆதரவு முன்னைவிட அவசியமாகிவிட்டது. படைக்கோ வாடகையும் பாதுகாப்புக் கட்டணமும் வருமானமாக வந்தன. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இப்படி மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது.

இவ்வளவும் நடந்தபோது பிராந்தியத்தில் ஏற்பாடுகளே இல்லாமல் இல்லை. ஆட்கடத்தலையும் கள்ளக் குடியேற்றத்தையும் தடுக்க 2002-இல் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் இணைத் தலைமையேற்றுத் தொடங்கிய பாலி செயல்முறை என்ற கூட்டமைப்பு இருக்கிறது. 2004 அக்டோபரில் கம்போடியா, சீனா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மேக்கொங் ஆற்றுப் பகுதி நாடுகள் ஆறும் ஆட்கடத்தலுக்கு எதிரான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. கையெழுத்தான இடம் மியான்மரின் யாங்கோன் என்பது இன்று நினைத்துப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. 2015 நவம்பர் 21 அன்று கோலாலம்பூரில் ஆசியானின் ஆட்கடத்தல் எதிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இது வெறும் அறிக்கையன்று, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2023 மே மாதம் இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோவில் கூடிய ஆசியான் தலைவர்கள், தொழில்நுட்பத்தைத் தவறாகப் பயன்படுத்தி நடக்கும் ஆட்கடத்தலுக்கு எதிராகத் தனிப் பிரகடனமும் வெளியிட்டார்கள்.

கோலாலம்பூர் ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். நான்காம் பிரிவு, உறுப்பு நாடுகள் தங்கள் கடமைகளை இறையாண்மைச் சமத்துவம், ஆட்சிப்பரப்பின் ஒருமைப்பாடு, பிற நாடுகளின் உள்விவகாரங்களில் தலையிடாமை ஆகிய கோட்பாடுகளுக்கு இசைவாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது. பலெர்மோ நெறிமுறையின் தாய் ஒப்பந்தமான, நாடுகடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் ஒப்பந்தத்திலும் இத்தகைய பிரிவு உண்டு. ஆனால் ஆசியானில் தலையிடாமை என்பது சட்ட வாசகத்தோடு நிற்பதில்லை, அமைப்பின் நடைமுறையே அதன்மேல்தான் நிற்கிறது. எல்லாம் ஒருமித்த கருத்தால் முடிவாக வேண்டும், யாரும் யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறக் கூடாது. இரண்டாவது, பதினான்காம் பிரிவு: கடத்தலோடு நேரடித் தொடர்புள்ள செயல்களுக்காகப் பாதிக்கப்பட்டவரைக் குற்றவியல் முறையிலோ நிர்வாக முறையிலோ பொறுப்பாக்காமல் விடுவது பற்றி ஒவ்வொரு நாடும், பொருத்தமான நேர்வுகளில், தன் உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டுப் ‘பரிசீலிக்க வேண்டும்’ என்று அது சொல்கிறது. விட வேண்டும் என்று சொல்லவில்லை. மோசடி முகாமிலிருந்து தப்பியவரின் கைகளில் மூன்று குற்றங்கள் ஒட்டியிருக்கும்: விசா இல்லாமல் எல்லை கடந்தது, விசா காலம் கடந்து தங்கியது, இணையத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றியது. மூன்றையும் அவர் அடியின் பேரில் செய்திருக்கலாம். ஆற்றைத் தாண்டி வந்த அவரை அந்த முதல் இரண்டு நாட்களில் பாதிக்கப்பட்டவர் என்று பதிவு செய்கிறார்களா, சட்டவிரோதக் குடியேறி என்று பதிவு செய்கிறார்களா என்பதில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது. முன்னதென்றால் தங்குமிடம், மருத்துவம், மொழிபெயர்ப்பாளர், சாட்சி என்ற தகுதி. பின்னதென்றால் குடிவரவுத் தடுப்பு மையம், அபராதம், நாடுகடத்தல், மீண்டும் வரத் தடை. ஒப்பந்தம் அந்த முடிவை எல்லையில் நிற்கும் அதிகாரியின் உள்நாட்டுச் சட்டத்திடமே விட்டுவிட்டது.

தலையிடாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒப்பந்தம் கையெழுத்தான அதே ஆண்டில் ஓர் எடுத்துக்காட்டு நடந்தது. 2015 மே முதல் நாளன்று தாய்லாந்தின் சோங்க்லா மாகாணத்தில், மலேசிய எல்லையருகே, காட்டுக்குள் கைவிடப்பட்ட முகாமும் புதைகுழிகளும் கண்டெடுக்கப்பட்டன. சில வாரங்களில் மலேசியப் பக்கத்தில் வாங் கெலியான் பகுதியில் 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. மியான்மரிலிருந்து தப்பிய ரோஹிங்யாக்களையும் வங்கதேசத்தவரையும் அங்கே அடைத்துவைத்து, வீட்டாரிடம் தொலைபேசியில் பணம் கேட்டு, வராவிட்டால் பட்டினி போட்டிருக்கிறார்கள். கடத்தல்காரர்கள் பிடிபடும் அச்சத்தில் கடலிலேயே கைவிட்ட படகுகளை, தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் மாறி மாறித் திருப்பி அனுப்பின. இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள்தான் பலரைக் கரையேற்றினார்கள். மே 20 அன்று மலேசியாவும் இந்தோனேசியாவும் தற்காலிகமாக இடம் தர ஒப்புக்கொண்டன. தாய்லாந்தில் நடந்த வழக்கில் 2017 ஜூலையில் 62 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு லெப்டினன்ட் ஜெனரலும் இருந்தார். பதவியிலிருந்த இராணுவ அதிகாரியைத் தண்டித்தது சாதாரணச் செய்தியல்ல. ஆனால் அந்தப் புலனாய்வை நடத்திய காவல்துறை மேஜர் ஜெனரல் உயிருக்கு அஞ்சி 2015 முடிவதற்குள் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூல காரணமான ரோஹிங்யாக்களின் குடியுரிமைப் பறிப்போ மியான்மரின் ‘உள்விவகாரம்’ ஆகவே இருந்துவிட்டது.

அப்படியானால் எதுதான் வேலை செய்தது? தாய்லாந்தின் மீன்பிடித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிய, கம்போடியத் தொழிலாளர்களைப் படகுகளில் ஆண்டுக்கணக்கில் கரையேற விடாமல் வைத்திருந்தது பல்லாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. 2015-இல் இந்தோனேசியாவின் தீவுக் கிராமமான பென்ஜினாவில் கூண்டில் அடைக்கப்பட்ட மீனவர்களைப் பற்றிய செய்திகள் உலகமெங்கும் வெளியாயின. அந்த ஆண்டு ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம், சட்டவிரோத மீன்பிடிப்புக்காகத் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டியது, அதாவது திருத்திக்கொள்ளாவிட்டால் இறக்குமதி தடைபடும் என்று எச்சரித்தது. கடல் உணவு ஏற்றுமதி நின்றுவிடும் என்ற நிலை வந்ததும், பல ஆண்டுகளாக முடியாதவை எல்லாம் முடிந்தன: துறைமுகத்தில் படகுகளைச் சோதிக்கும் மையங்கள், படகுகளுக்குச் செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய சட்டங்கள். 2019 ஜனவரியில் அட்டை விலக்கப்பட்டது; அதே மாதம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மீன்பிடித் தொழில் உடன்படிக்கையை ஏற்ற முதல் ஆசிய நாடாகத் தாய்லாந்து ஆனது. அட்டை மீனுக்காகக் காட்டப்பட்டதே தவிர மனிதருக்காக அல்ல என்பது இதில் கசப்பான உண்மை.

மோசடி முகாம்களிலும் இதே பாடம்தான். மியான்மரின் சீன எல்லையோரக் கோகாங் பகுதியிலுள்ள லௌக்காய் நகரில் நடந்த மோசடிகளால் சீனக் குடிமக்கள் பணத்தையும் பிள்ளைகளையும் இழந்தார்கள், பெய்ஜிங் பொறுமையிழந்தது. 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இன ஆயுதக் குழுக்கள் மியான்மர் இராணுவத்துக்கு எதிராகத் தாக்குதல் தொடங்கியபோது, மோசடித் தொழிலை ஒழிப்பதும் தங்கள் நோக்கம் என்று அறிவித்தன. சீனா அதைத் தடுக்க முனையவில்லை என்பதே பரவலான கணிப்பு. லௌக்காயை ஆண்டுவந்த குடும்பங்களின் ஆட்கள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மிங் குடும்பக் கும்பலைச் சேர்ந்த 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆனால் தொழில் சாகவில்லை, தெற்கே மியாவதிக்கும் கம்போடியாவுக்கும் இடம் மாறியது.

2025 ஜனவரியில் சீன நடிகர் ஒருவர் படப்பிடிப்பு என்று நம்பித் தாய்லாந்து போய், மியாவதி முகாமில் மொட்டையடிக்கப்பட்ட தலையோடு மீட்கப்பட்டார். சீனப் பயணிகள் தாய்லாந்துப் பயணங்களைக் கூட்டங்கூட்டமாக ரத்து செய்தார்கள். பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் ஐந்து இடங்களுக்கு வழங்கிவந்த மின்சாரம், எரிபொருள், இணைய இணைப்பு ஆகியவற்றைத் துண்டித்தது. ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது: அதுவரை அந்த முகாம்களின் விளக்குகள் தாய்லாந்து விற்ற மின்சாரத்தில் எரிந்தன. ஓர் அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அது அனுப்பிய மின் கட்டணப் பட்டியலும் பல ஆண்டுகள் அருகருகே இருந்திருக்கின்றன. துண்டிப்புக்குப் பிறகு சில வாரங்களில் ஏறத்தாழ 7,000 பேரை ஆயுதக் குழுக்கள் வெளியே விட்டன. மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சொட்டிலிருந்து 549 பேரை அழைத்து வந்தன. சீனாவும் தன் மக்களைத் தனி விமானங்களில் கொண்டுபோனது. ஆனால் தங்கள் தூதரகம் வந்து பொறுப்பேற்கும் வரை தாய்லாந்துக்குள் யாரும் அனுமதிக்கப்படாததால், தாய்லாந்தில் தூதரகமே இல்லாத ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக எத்தியோப்பியர்கள், ஆயுதக் குழுக்களின் தற்காலிகக் கொட்டகைகளில் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அக்டோபரில் மியான்மர் இராணுவம் மியாவதிப் பகுதியின் கே.கே. பார்க் முகாமில் நுழைந்தபோது 1,500-க்கும் மேற்பட்டோர் ஆற்றைத் தாண்டி ஓடிவந்தார்கள். முகாம் கூரைகளில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் தட்டுகள் இருந்ததும் அப்போது பரவலாகப் பேசப்பட்டது. தாய்லாந்து இணையத்தை நிறுத்தினால் வானத்திலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மனிதப் பாதுகாப்பு என்ற கருத்து இந்த இடத்தில்தான் உதவுகிறது என்று நினைக்கிறேன். பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் வழிநடத்திய ஐக்கிய நாடுகளின் 1994-ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கை, பாதுகாப்பு என்பதை எல்லையும் படையும் சார்ந்த சொல்லாக மட்டும் பார்க்காமல், பொருளாதாரம், உணவு, உடல்நலம், சூழல், தனிமனிதப் பாதுகாப்பு, சமூகம், அரசியல் என ஏழு வகைகளில் மனிதரை மையமாக வைத்துப் பார்த்தது. அச்சத்திலிருந்து விடுதலை, இல்லாமையிலிருந்து விடுதலை என்ற இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அதன் அடிப்படை. இது அளவுக்கு மீறி விரிந்த கருத்து, எல்லாவற்றையும் உள்ளடக்குவதால் எதையும் முன்னுரிமைப்படுத்த உதவாது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் ஆட்கடத்தலில் அது ஒரு கேள்வியைத் தவறாமல் எழுப்பவைக்கிறது: இந்த நடவடிக்கையால் யார் பாதுகாப்புப் பெறுகிறார்? மின்சாரத்தைத் துண்டித்ததில் தாய்லாந்தின் சுற்றுலா வருமானமும் சீனாவின் மக்கள் கோபமும் கவனிக்கப்பட்டன. எத்தியோப்பிய இளைஞர் கவனிக்கப்படவில்லை. மீட்பு என்பது கடவுச்சீட்டின் கனத்தைப் பொறுத்து அமைந்தால் அது அரசுகளின் பாதுகாப்பே தவிர மனிதரின் பாதுகாப்பு அல்ல. பிராந்திய ஒப்பந்தத்தின் வேலை, எந்த நாட்டவராயினும் ஆற்றைக் கடந்தவுடன் ஒரே மாதிரி அடையாளம் காணப்படவும் தங்கவைக்கப்படவும் ஒரு பொது விதியையும் பொது நிதியையும் உருவாக்குவதாக இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தெற்காசியாவின் ஏற்பாடு ஆசியானைவிடப் பலவீனமானது. 2002 ஜனவரியில் காத்மாண்டுவில் கையெழுத்தான சார்க் உடன்படிக்கை, பெண்களையும் குழந்தைகளையும் பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதை மட்டுமே வரையறுக்கிறது. இருபத்தைந்து வயதுப் பொறியியல் பட்டதாரி ஆணைக் கட்டாய வேலைக்குக் கடத்துவது அதன் வரம்புக்குள்ளேயே வராது. சார்க் உச்சி மாநாடும் 2014-க்குப் பிறகு கூடவில்லை, ஆகவே திருத்தத்துக்கும் வழியில்லை. இந்திய நாடாளுமன்றம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவில் ஆட்கடத்தலைக் கடுமையாகத் தண்டித்தாலும், சுரண்டல் என்பதற்கான விளக்கத்தில் ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் நேரடியாக இல்லை. அடிமைத்தனம், அடிமைத்தனம் போன்ற வழக்கங்கள் என்ற சொற்களுக்குள் அதைப் பொருத்திக் காட்ட வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பையும் ஆள் வணிகத்தையும் ஒரே மூச்சில் தடைசெய்திருக்கும்போது, தண்டனைச் சட்டம் இந்த இடத்தில் ஏன் தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை குடியேற்றச் சட்டத்தில் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்குக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் மனதில் வைத்து உருவான ஏற்பாடு அது. பட்டியலில் தாய்லாந்தும் மலேசியாவும் உண்டு. கம்போடியா, லாவோஸ், மியான்மர் கிடையாது. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்ற அனுமானத்தில் பட்டதாரிகளுக்கு அந்தச் சோதனையே தேவையில்லை என்றாகிவிட்டது. மோசடி முகாம்களுக்கோ தேவைப்பட்டது சரியாக அந்தப் பட்டதாரிதான்: ஆங்கிலம் தெரிந்தவர், கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்பவர், கல்விக் கடன் உள்ளவர், ஊரில் 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு மேல் வேலை கிடைக்காதவர். தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த பிறகு, பாங்காக் வரை யாரும் எதையும் கேட்கவில்லை. 2022 ஜனவரிக்கும் 2024 மேக்கும் இடையே பார்வையாளர் விசாவில் கம்போடியா, தாய்லாந்து, மியான்மர், வியட்நாம் போன இந்தியர்களில் கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பவில்லை என்று குடியேற்றப் பதிவுகளின் அடிப்படையில் செய்திகள் வெளியாயின. அத்தனை பேரும் முகாமில் இருக்கிறார்கள் என்று கொள்வது தவறு. வேறு வேலை கிடைத்தவர்களும், வேறு நாட்டுக்குப் போனவர்களும் அதில் இருக்கலாம். ஆனால் எங்கே இருக்கிறார்கள் என்பதை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை மீட்டு வந்தவர்களை வரவேற்று ஊருக்கு அனுப்பிவைப்பதைச் சிறப்பாகவே செய்திருக்கிறது. ஆனால் ஊருக்குப் போன பிறகு என்ன ஆகிறது? போவதற்காக நகையை அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் முகவருக்குக் கொடுத்த பணம் அப்படியே கடனாக நிற்கிறது. விசாரணை, சாட்சியம் என்று அலைந்தால் அன்றாடக் கூலியும் போகும். கடனை அடைக்க மறுபடியும் வெளிநாடு போக முயல்வது, அல்லது ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று பழைய கம்பெனி சொன்னதை நினைத்துப் பார்ப்பது, இரண்டும் நடக்கக்கூடியவை. திரும்பி வந்தவர்களிலிருந்தே அடுத்த முகவர்கள் உருவாவதை விசாரணை அமைப்புகளும் பார்த்திருக்கின்றன. புனர்வாழ்வு என்பதைக் கடன் தீர்ப்பாக மாற்றாத எந்தத் திட்டமும் இதை நிறுத்தாது.

வழக்குத் தொடுப்பதில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆட்கடத்தல் குற்றத்தை நிரூபிக்க, ஏமாற்றையும் சுரண்டலையும் காட்ட வேண்டும். சுரண்டல் நடந்ததோ வேறு நாட்டில், சாட்சிகளோ பல மொழிக்காரர்கள், ஆவணங்களோ மியாவதியில் எரிந்துபோயிருக்கும். குடியேற்றச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே தனிக் குற்றம். பதிவு பெற்ற முகவர், சிறு முகவர்கள் நீங்கலாக, 50 லட்ச ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். பதிவு பெற்றவர் யார் என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தன் ஊரில் “பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, லட்ச ரூபாய்ச் சம்பளம்” என்று விளம்பரம் போட்டு இரண்டு லட்சம் வாங்கிய பதிவில்லாத ட்ராவல் ஏஜென்ட்டின்மேல் இந்தச் சட்டத்தில் வழக்குப் போட, தாய்லாந்தின் ஒத்துழைப்போ ஆசியானின் ஒருமித்த கருத்தோ தேவையில்லை. ஆள் இன்னும் விமானம் ஏறாமல் இருக்கும்போதே அதைச் செய்ய முடியும்.